பண்டைய எகிப்தின் மண்டலக் குடும்பங்களில் மேற்குடி மகளிர் நிலை

முன்னுரை

எகிப்தின் பண்டை நாகரிகத்தைப் பற்றிப் பேசுங்கால் நம் கண்முன் முதலில் தோன்றுவன பிரமிடுகளும் மன்னர்தம் பொற்பேழைகளுமே ஆகும். மகளிரைப் பற்றிய பேச்சு எழுமாயின் ஹத்ஷெப்சுத், நெஃபர்த்தீத்தி, கிளியோபாத்ரா என்னும் மூவர் பெயரோடு அது முற்றுப்பெற்று விடுகின்றது. இம்மூவரும் அரியணையைச் சார்ந்தவர்கள். அரண்மனைக்கு வெளியே, நைல் ஆற்றின் இருகரைகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உள்ளூர்த் தலைவர்களின் இல்லங்களில் மகளிர் எந்நிலையில் வாழ்ந்தனர் என்பதை அறிய இம்மூவர் வரலாறு நமக்கு உதவாது.

ஒரு சமுதாயத்தில் பெண்ணின் நிலை யாது என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது. உயர்வு என்றோ தாழ்வு என்றோ கூறிவிடலாம். ஆயின் அவ்விடை ஆய்வுக்கு உகந்ததன்று. எனவே நாம் அவ்வினாவை மூன்றாகப் பிரித்துக் கொள்கின்றோம். அவள் பெயர் எங்கே எழுதப்பட்டது? நிலமும் வீடும் எவர் கையில் இருந்தன? பதவி எவரிடம் சென்றது? பெயர், பொருள், பதவி என்னும் இம்மூன்றையும் கல்லறைச் சுவர்கள், பாப்பிரஸ் ஏடுகள் ஆகியவற்றின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்டலமும் குடும்பமும்

பண்டைய எகிப்து தென்பகுதியில் 22, வடபகுதியில் 20 என மரபாக 42 மண்டலங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு மண்டலத்திற்கும் ஒரு சின்னம் உண்டு. முயல் மண்டலம், மான் மண்டலம், நரி மண்டலம் என்று அச்சின்னங்களாலேயே அவை அழைக்கப்பட்டன. மண்டலத் தலைவரை அமர்த்துபவர் மன்னரே. எனினும் மையஅரசு தளர்ந்த காலங்களில் அப்பதவி சில குடும்பங்களின் வழிவழி உரிமையாகவே மாறிவிட்டது. கி.மு. 2000 ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் இக்குடும்பங்கள் குன்றுகளைக் குடைந்து பெருங்கல்லறைகளை அமைத்தன. பெனி ஹசன், தைர் அல்-பர்ஷா, அஸ்யூத் முதலிய இடங்களில் அவை இன்றும் காணப்படுகின்றன.

இக்குடும்பங்கள் தமக்குள் மணவுறவு கொண்டன. ஒரு மண்டலத் தலைவரின் மகள் அண்டை மண்டலத் தலைவரின் இல்லத்திற்கு மருமகளாகச் சென்றாள். இம்மணவுறவே அவர்தம் அரசியல் என்று கூறினும் மிகையாகாது. ஆதலின் இக்குடும்பங்களின் வரலாற்றை மகளிரை விடுத்து எழுதுதல் இயலாது.

பெயரும் பெருமையும்

முயல் மண்டலத்தைச் சேர்ந்த தைர் அல்-பர்ஷாவில் 1915 ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் இணைந்து அகழாய்வு நடத்தின. அங்கு ஒரு மண்டலத் தலைவரும் அவர்தம் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். தலைவரின் பெயர் ஜெஹுதிநக்த். மனைவியின் பெயரும் ஜெஹுதிநக்த் என்பதே! பண்டைக் காலத்திலேயே கள்வர் புகுந்து நகைகளைக் கவர்ந்து உடல்களைச் சிதைத்துவிட்டிருந்தனர். தலைவரின் சவப்பேழைமீது துண்டிக்கப்பட்ட ஒரு தலை மட்டும் கிடந்தது. அது கணவரின் தலையா, மனைவியின் தலையா என்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் விடையறியா வினாவாகவே இருந்தது. அத்தலையின் பல்லிலிருந்து எடுத்த மரபணுவை அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையின் ஆய்வகம் ஆராய்ந்து, அது ஆணின் தலையே என 2018 ஆம் ஆண்டில் உறுதி செய்தது.

இந்நிகழ்ச்சியில் வியப்பு தருவது மரபணு ஆய்வு மட்டுமன்று. தலைவருக்கு ஒன்றனுள் ஒன்றாக அமைந்த பேழைகள் இருந்தமை போன்றே அவர்தம் மனைவிக்கும் இருந்தன. மறுமைப் பயணத்திற்குத் துணை என எகிப்தியர் நம்பிய மந்திர வாசகங்கள் அவர் பேழைகளில் எழுதப்பட்டிருந்தமை போன்றே அவ்வம்மையாரின் பேழைகளிலும் எழுதப்பட்டிருந்தன. அவ்வாசகங்கள் முன்னாளில் பிரமிடுகளுக்குள் மன்னர், அரசியர் ஆகியோருக்கென எழுதப்பட்டவற்றின் வழிவந்தவை. அரச குலத்தின் தனியுரிமையாக இருந்த ஒன்று மண்டலத் தலைவருக்குக் கிடைத்தபோது அவர்தம் மனைவிக்கும் கிடைத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அஸ்யூத் நகரிலும் இத்தகைய சான்று உண்டு. முதலாம் செனுஸ்ரெத் மன்னர் காலத்தில் அங்குத் தலைவராக விளங்கியவர் ஜெஃபாய்ஹாபி. அவர்தம் மனைவி செனுவி அம்மையாரின் அமர்ந்த நிலைச் சிலை, பண்டைக் கற்சிற்பங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுவது. ஏறத்தாழ 172 செ.மீ. உயரமுடைய அச்சிலை அஸ்யூதில் கிடைக்கவில்லை. நெடுந்தொலைவு தெற்கே, சூடானிலுள்ள கெர்மாவில், அந்நாட்டு மன்னர் ஒருவரின் புதைமேட்டில் கிடைத்தது. பிற்காலத்தில் எகிப்திலிருந்து அது எடுத்துச் செல்லப்பட்டிருத்தல் வேண்டும். இன்று அது பாஸ்டனில் உள்ளது. இத்தலைவரின் மகள் இதி என்பாரின் அடக்க அறையும் 2024 ஆம் ஆண்டில் அஸ்யூதில் கண்டறியப்பட்டது. எழுத்துகள் நிறைந்த இரு மரப்பேழைகள், ஒன்றனுள் ஒன்றாக, அம்மகளுக்கும் அமைக்கப்பட்டிருந்தன. எலும்புகளை ஆராய்ந்தோர் அவர் 40 வயதை எட்டும் முன்னரே இறந்தவர் என்றும், பிறவியிலேயே பாதக் குறைபாடு உடையவர் என்றும் தெரிவித்துள்ளனர். குறையுடைய மகளைக் குடும்பம் மறைத்து ஒதுக்கவில்லை. தலைவரின் மகளுக்கு உரிய சிறப்புடனேயே அடக்கம் செய்தது.

இவ்வாறு பெயரும் பெருமையும் மகளிருக்கு இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் கல்லறைச் சுவர்களை உற்று நோக்குவார்க்கு மற்றொன்றும் புலனாகும். தலைவரின் உருவம் பேருருவாக நிற்க, மனைவியின் உருவம் பல இடங்களில் சிறிதாகவே தீட்டப்பட்டுள்ளது. பெருங்கல்லறை பெரும்பாலும் கணவரின் பெயரால் அமைந்தது. மனைவி அதில் இடம்பெற்றாள். ஆகவே ஓவியத்தை மட்டும் கொண்டு முடிவு காண்பது பொருந்தாது. நாம் ஆவணங்களை நாடவேண்டியவர்களாகின்றோம்.

தாய்வழி வந்த தலைமை

மான் மண்டலத்தின் பெனி ஹசனில் இரண்டாம் க்னும்ஹோதெப்பின் கல்லறை உள்ளது. அதன் சுவரடியில் 222 நெடுவரிகளில் அவர்தம் வாழ்க்கை வரலாறு பொறிக்கப்பட்டுள்ளது. அதனைக் கற்கும் எவரும் ஒன்றை உணராதிருக்க இயலாது. தம் மேன்மைக்குக் காரணங்களைக் கூறவந்த அத்தலைவர் தம் தாயின் பிறப்பையே முதற்காரணமாக முன்வைக்கின்றார்.

அவர்தம் தாயின் பெயர் பாகெத். அவர் மான் மண்டலத் தலைவராக இருந்த முதலாம் க்னும்ஹோதெப்பின் மகள். தந்தை நெஹ்ரி வேறொரு குடும்பத்தைச் சார்ந்தவர். இரண்டாம் அமெனெம்ஹாத் மன்னரின் 19 ஆம் ஆட்சியாண்டில் இரண்டாம் க்னும்ஹோதெப் மெனாத்-கூஃபு என்னும் ஊரின் தலைமையைப் பெற்றார். அத்தலைமை தந்தையிடமிருந்து வந்ததன்று. தாயின் தந்தையிடமிருந்து வந்ததாகும்.

அடுத்த தலைமுறையிலும் இதுவே நிகழ்ந்தது. இவர் மணந்த கேத்தி என்பார் அண்டையிலிருந்த நரி மண்டலத் தலைவரின் மகள். இவ்விருவரின் மகன் நக்த் நரி மண்டலத்தின் தலைவராக அமர்த்தப்பட்டார். தாயின் தந்தைக்குரிய உரிமையாக அது அவருக்கு வழங்கப்பட்டது என்று கல்வெட்டு வெளிப்படையாகவே கூறுகின்றது. பாகெத் இல்லையேல் தந்தைக்கு மெனாத்-கூஃபு இல்லை. கேத்தி இல்லையேல் மகனுக்கு நரி மண்டலம் இல்லை.

இது ஒரு குடும்பத்தின் தனி வழக்கம் என்று கருதுவார்க்கு அல்-காப் நகரிலிருந்து மற்றொரு சான்றைக் காட்டலாம். பதினெட்டாம் அரச மரபின் தொடக்கத்தில் ஹிக்சோஸ் போரில் வீரம் காட்டிப் பொன்னும் நிலமும் பரிசிலாகப் பெற்றவர் அஹ்மோஸ். எபானா என்பது அவர்தம் தாயின் பெயர். வரலாற்றில் அவர் 'எபானாவின் மகன் அஹ்மோஸ்' என்றே அறியப்படுகின்றார். தந்தையும் படைவீரரே, அவர் பெயரும் கல்வெட்டில் உண்டு. எனினும் மகனை அடையாளம் காட்டி நிற்பது தாயின் பெயர். அஹ்மோஸின் கல்லறைப் பணியை முன்னின்று நடத்தியவர் அவர்தம் மகளின் மகனாகிய பாஹெரி என்பார். பிற்காலத்தில் அல்-காப், எஸ்னா ஆகிய இரு நகரங்களின் தலைவராக உயர்ந்த அவர், தம் தாயின் தந்தை பெயர் நிலைபெறச் செய்தமையைப் பெருமையுடன் குறித்துள்ளார். குடும்பத்தின் பெயரைக் காக்கும் கடமை மகன்வழிப் பேரனுக்கு மட்டுமே உரியது என எகிப்தியர் கருதவில்லை என்பது இதனால் தெளிவாகின்றது.

இல்லமும் ஆவணமும்

இப்பகுதியில் இரு சொற்களை ஆராய விழைகின்றோம். நடு அரசுக் காலம் முதலாக மணமான பெண்ணைக் குறிக்கப் பெருவழக்காக விளங்கிய பட்டம் 'நெபெத்-பெர்' என்பதாகும். 'நெபெத்' என்பது தலைவி. 'பெர்' என்பது வீடு. நம் மொழியில் மனைக்கிழத்தி என்று கூறுவது இதற்கு முற்றும் பொருந்தும். மற்றொரு சொல் 'இமித்-பெர்' என்பது. வீட்டினுள் இருப்பது என்பது அதன் பொருள். சொத்தினை ஒருவருக்கு உரிமையாக்கி எழுதும் ஆவணத்திற்கு அது பெயராயிற்று. முன்னது பட்டம், பின்னது பத்திரம். பட்டம் மட்டும் இருந்து பத்திரம் இல்லையாயின் அப்பட்டம் வெறும் புகழுரையாகவே முடியும். எகிப்தியப் பெண்ணுக்கு இரண்டும் இருந்தன.

மிகப் பழைய சான்று மெத்ஜென் என்னும் அலுவலரின் கல்வெட்டு ஆகும். கி.மு. 2600 ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்து, வடபகுதி மண்டலங்கள் பலவற்றில் பதவி வகித்தவர் அவர். அவர்தம் தாய் நெப்செனெத் 50 அரூரா நிலத்தைத் தம் மக்களுக்கு இமித்-பெர் ஆவணத்தின் வாயிலாக அளித்தார் என்று அக்கல்வெட்டு குறிக்கின்றது. ஓர் அரூரா ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு. எனவே அந்நிலம் 33 ஏக்கருக்கும் மேற்பட்டது. ஏறத்தாழ 4600 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெண் நிலவுடைமையாளராக இருந்தார்; அதனைத் தம் பெயரால் எழுதித் தரும் உரிமையும் பெற்றிருந்தார்.

இரண்டாவது சான்று ஃபாயூம் பகுதியைச் சார்ந்த காஹுன் என்னும் ஊரில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த ஏடுகளுள் ஒன்று. வாஹ் என்னும் பூசகர் நான்காம் அமெனெம்ஹாத் மன்னரின் 2 ஆம் ஆட்சியாண்டில் தம் மனைவி தேத்திக்கு எழுதியளித்த இமித்-பெர் அது. தம் தமையனிடமிருந்து தாம் பெற்ற அனைத்தையும் அவர் மனைவிக்கு அளிக்கின்றார். தமக்குப் பிறந்த மக்களுள் தாம் விரும்பியவருக்கு அதனை வழங்கும் உரிமையும் மனைவிக்குத் தரப்படுகின்றது. மேலும், தமையன் கட்டித் தந்த வீட்டில் மனைவி வாழலாம் என்றும், அவரை அங்கிருந்து வெளியேற்ற எவருக்கும் உரிமையில்லை என்றும் எழுதப்பட்டுள்ளது. கணவனை இழந்த பெண்ணின் முதல் அச்சம் தங்கும் கூரையைப் பற்றியது. அவ்வச்சத்தை வாஹ் அறிந்திருந்தார். ஆயினும் அதே ஏட்டின் இறுதியில் தம் மகனுக்குக் காப்பாளராக அவர் குறிப்பது கெபு என்னும் ஆணையே, தாயை அன்று. கொடையும் வரம்பும் ஒரே ஏட்டில் அமைந்திருப்பதை நாம் மறைத்தல் கூடாது.

மூன்றாவது சான்று பதினோராம் ராம்செஸ் காலத்தது. இன்று ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. செபெர்மெரு என்னும் நடுஎகிப்திய ஊரில் வாழ்ந்த நெப்நெஃபர் குதிரை இலாயத் தலைவர். அவர்தம் மனைவி நநெஃபர் கோயில் பாடகி. அவர்களுக்கு மகப்பேறு இல்லை. தாம் இறந்தால் உடன்பிறந்தார் சொத்துக்கு உரிமை கோருவர் என்பதைக் கணவர் உணர்ந்தார். அதற்கு அவர் கண்ட வழி நம்மை வியக்க வைப்பது. சான்றோர் முன்னிலையில் தம் மனைவியையே மகளாகத் தத்தெடுத்துத் தம் சொத்து முழுவதற்கும் உரியவராக்கினார்! ஆண்டுகள் பல கழிந்தபின் நநெஃபர், தம் இல்லத்து அடிமைப்பெண் ஈன்ற மூன்று குழந்தைகளை வளர்த்து, அவர்களை அடிமைநிலையினின்று விடுவித்துத் தம் மக்களாக ஏற்றார். சட்டத்தின் இடுக்கினுள்ளும் அறம் செய்ய வழி தேடிய குடும்பம் இது எனலாம்.

இவ்விடத்து மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. தேத்தி பெற்ற சொத்தில் ஆசியாவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள் நால்வரும் அடங்குவர். நநெஃபர் வளர்த்த குழந்தைகளைப் பெற்ற அடிமைப்பெண் தன் மக்கள் விடுதலை பெற்றதைப் பற்றி யாது கருதினாள் என்பதை எந்த ஏடும் உரைக்கவில்லை. ஹெகாநக்த் என்னும் நிலக்கிழார் தம் வீட்டாருக்கு எழுதிய மடல்கள் தீப்ஸில் கிடைத்துள்ளன. தம் புதுமனைவியை வீட்டார் அவமதித்தனர் என்று சினந்து எழுதும் அவர், செனென் என்னும் பணிப்பெண்ணை உடனே வெளியேற்றுமாறு கட்டளையிடுகின்றார். ஒரு பெண்ணின் மதிப்பைக் காக்க மற்றொரு பெண் வாயிலுக்கு வெளியே தள்ளப்படுகின்றாள். மேற்குடி மகளிரின் உரிமையைப் பெண்ணினம் முழுவதன் உரிமையாகக் கொண்டுவிடுதல் பிழையாகும்.

பதவியும் அதன் வாயிலும்

பதவியின் நிலை வேறு. ஆத்தோர் என்னும் பெண்தெய்வத்தின் பூசகர் பணி மண்டலப் பெருங்குடி மகளிருக்குப் பல ஊர்களில் உரியதாக இருந்தது. தெஹ்னாவில் நிகாஅன்க் என்பார் ஆத்தோர் கோயிற்பணியையும் அதற்குரிய நிலவருவாயையும் மாத முறையில் பகுத்தளித்தபோது மக்களோடு மனைவிக்கும் பங்கு வைத்தார். இல்லத்துப் பொருள்களுக்கு முத்திரையிடும் பொறுப்பிலும் பெண்கள் இருந்தனர். பெனி ஹசனில் க்னும்ஹோதெப்பின் கல்லறையிலேயே 'முத்திரைப் பொறுப்பாளர்' என்னும் பட்டத்துடன் ஜாத் என்னும் பெண் காட்சியளிக்கின்றார். அவருக்கும் அத்தலைவருக்கும் மக்கள் பிறந்தனர். அவர் இரண்டாம் மனைவியா, காமக்கிழத்தியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஓவியத்தில் கேத்தி அம்மையாருக்குப் பின்னரே அவர் இடம்பெறுகின்றார்; கேத்தியின் மகனுக்குக் கிட்டிய மண்டலத் தலைமை ஜாத்தின் மக்களுக்குக் கிட்டவில்லை. தாயின் பிறப்பு மகனின் பதவியை அளந்தது என்பதற்கு இதுவும் சான்றாகும்.

மண்டலத் தலைமையோ ஆடவரிடமே நின்றது. ஆறாம் அரச மரபில் அபிதோஸ் நகரப் பெருங்குடியைச் சார்ந்த நெபெத் அம்மையார் தலைமை அமைச்சர் பட்டம் பெற்றிருந்தார். அவர்தம் புதல்வியர் இருவரும் முதலாம் பெப்பி மன்னரை மணந்தனர். பேரர் இருவர் அரியணை ஏறினர். எனினும் இது மிக அரிய சான்றாகும். அவர் அப்பணியை உண்மையில் ஆற்றினாரா, அது சிறப்புப் பட்டம் மட்டுந்தானா என்பதில் ஆய்வாளர் வேறுபடுகின்றனர்.

முன்னர்க் கண்ட அஸ்யூத் தலைவர் ஜெஃபாய்ஹாபி, தம் மறைவுக்குப்பின் நடைபெற வேண்டிய சடங்குகளுக்காகப் பூசகர் முதலியோருடன் பத்து ஒப்பந்தங்கள் செய்துகொண்டார். அவற்றில் 'தந்தை வீட்டுச் சொத்து' என்றும் 'தலைவர் வீட்டுச் சொத்து' என்றும் தெளிவாக வேறுபடுத்துகின்றார். முன்னது அவருக்கே உரியது. பின்னது பதவியோடு வருவது, பதவியோடு செல்வது. இவ்வேறுபாடே நம் வினாவுக்குத் திறவுகோல் என நாம் கருதுகின்றோம். குடும்பச் சொத்தில் மகளும் மனைவியும் உரிமை பெற இயன்றது. பதவியோ மகளின் கரம்பற்றிப் பேரனைச் சென்றடைந்தது. பாகெத், கேத்தி ஆகியோர் தலைமை கடந்து சென்ற வாயில்கள். அதன் இருக்கைகள் அல்லர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மண்டலக் குடும்பங்களின் மேற்குடி மகளிர்க்குப் பெயரும் அடக்கச் சிறப்பும் குறைவின்றிக் கிடைத்தன. நிலம் பெறவும், வைத்திருக்கவும், எழுதித் தரவும் அவர்கள் உரிமை பெற்றிருந்தனர். தலைமைப் பதவிக்கு அவர்தம் பிறப்பு வழியாயிற்று. ஆயின் அப்பதவி பெரும்பாலும் அவரிடம் தங்கவில்லை. இவ்வுரிமைகளும் பிறர் உழைப்பின்மீதே நின்றன.

எந்த நாட்டு இலக்கியத்தையும் வரலாற்றையும் கற்கும் மாணவர்க்கு இஃதொரு பாடமாகும். பெண்ணைப் போற்றிப் பாடிய பாட்டையும் தீட்டிய ஓவியத்தையும் கண்ட அளவில் நாம் நிறைவடைந்துவிடுகின்றோம். போற்றுதல் எளிது, பத்திரம் எழுதித் தருதல் அரிது. ஏறத்தாழ 3800 ஆண்டுகளுக்கு முன்னர்க் காஹுன் ஊரில் வாஹ் என்னும் பூசகர் மனைவியின் அழகைப் புகழ்ந்து எழுதிவைத்தாரா என்பதை நாம் அறியோம். அவரை வீட்டைவிட்டு எவரும் வெளியேற்றலாகாது என்று எழுதிவைத்தார். அவ்வேடு இன்றும் உள்ளது. பெண்ணின் நிலையை அளக்க விழைவோர் அத்தகைய ஏட்டைத் தேடிச் செல்வார்களாக.